இரவு டயப்பரை எப்போது விடுவது, எப்படி விடுவது

பகலில் "அம்மா, உச்சா" என்று சொல்லிவிட்டு ஓடுகிற மூன்று வயதுப் பிள்ளை, இரவில் மட்டும் பாயை நனைக்கிறது. பகலில் தெரிந்தது இரவில் எப்படி மறந்துபோகிறது என்று பெற்றோர் குழம்புகிறார்கள். பிள்ளை எதையும் மறக்கவில்லை. பகலில் சிறுநீரை அடக்கி, சொல்லிவிட்டுப் போவது பழக்கம், சொல்லிக்கொடுத்தால் வரும். இரவில் நனையாமல் இருப்பது வளர்ச்சி. பல் முளைப்பதுபோல அதற்கென்று ஒரு காலம் உண்டு.

அந்த வளர்ச்சியில் மூன்று வேலைகள் இருக்கின்றன. வாசோபிரெசின் என்ற ஹார்மோன் இரவில் கூடுதலாகச் சுரந்து, சிறுநீரகம் உண்டாக்கும் சிறுநீரைக் குறைக்க வேண்டும். அப்படியும் ஊறுவதை விடியும்வரை தாங்கும் அளவுக்குச் சிறுநீர்ப்பை பெரிதாக வேண்டும். பை நிறைந்துவிட்டால், அந்தச் செய்தி தூங்குகிற மூளைக்கு எட்டிப் பிள்ளை விழிக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு இது இரண்டரை வயதிலேயே கூடிவரும், சிலருக்கு ஆறு வயதாகும். ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர் இன்னும் இரவில் நனைக்கிறார்கள். அதனால்தான் ஐந்து வயதுக்கு முன் இதை மருத்துவர்கள் நோயாக எண்ணுவதே இல்லை.

எனவே நம் வேலை பயிற்சி கொடுப்பது என்பதைவிட, பிள்ளை தயாராகிவிட்டதா என்று சரியாகப் பார்ப்பதும், தயாரானபின் வழியில் கிடக்கும் தடைகளை எடுப்பதும்தான்.

தயாரா என்று எப்படித் தெரியும்?

பகல் பழக்கம் முதலில் உறுதியாக இருக்க வேண்டும். ஆறு மாதமாவது பகலில் டயப்பர் இல்லாமல், எப்போதாவது ஒருமுறைதான் நனைகிறது என்ற நிலை வரட்டும். இரண்டு மூன்று மணி நேரம் தாங்க வேண்டும், ஜட்டியைத் தானே இறக்கத் தெரிய வேண்டும். இரவில் எழுந்து பால் குடிக்கிற பிள்ளைக்கு இப்போது தொடங்க வேண்டாம். உள்ளே போவது வெளியே வந்துதான் தீரும்.

அடுத்தது காலை டயப்பர். பெரும்பாலானவர்கள் இதைப் பார்க்கும் நேரத்தில் தவறுகிறார்கள். ஏழு மணிக்குப் பார்த்தால் கனமாக இருக்கிறது, இன்னும் காலம் வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பல பிள்ளைகள் கண் விழித்த பின்தான் டயப்பரில் போகிறார்கள். டயப்பர் இருப்பது தெரியும், எழுந்து போகச் சோம்பல். ஆகவே பிள்ளை விழிக்கும் முன், ஐந்தரை மணி வாக்கில், டயப்பரைத் தொட்டுப் பாருங்கள். அப்போது காய்ந்திருந்து, எழுந்தபின் நனைகிறது என்றால் உங்கள் பிள்ளை இரவைக் கடந்துவிட்டது. கண் விழித்ததும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கழிப்பறைக்குத் தூக்கிப் போவது மட்டும்தான் பாக்கி.

வீட்டில் சமையல் தராசு இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். உலர்ந்த டயப்பரின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை படுக்குமுன் சிறுநீர் கழித்தபின் அதைக் கட்டி, காலையில் கழற்றி மறுபடி நிறுத்துப் பாருங்கள். கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமையும் ஒரு மில்லிலிட்டர் சிறுநீர் என்று கொள்ளலாம். இந்த வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை எவ்வளவு தாங்கும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டி, 30-ஆல் பெருக்குவது. மூன்று வயதுக்கு 120 மில்லி, நான்கு வயதுக்கு 150 மில்லி. மூன்று வயதுப் பிள்ளையின் டயப்பர் நான்கு இரவுகளாக 30, 40 கிராம்தான் கூடுகிறது என்றால் தொடங்கலாம். 160, 200 கிராம் என்று வந்தால், பை தாங்குவதைவிட அதிகமாகச் சிறுநீர் ஊறுகிறது. மாலையில் குடிப்பதைச் சரிசெய்து ஒரு வாரம் கழித்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். அப்படியும் குறையவில்லையென்றால் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். ஒரே ஓர் இரவின் எடையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அன்று மாலை தர்பூசணி தின்றிருக்கலாம்.

குடிப்பதைக் குறைப்பதல்ல, நேரத்தை மாற்றுவது

ராத்திரி தண்ணீரை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் பகலைக் கவனிப்பதில்லை. நம் பிள்ளைகள் பலர் அங்கன்வாடியிலோ பிளே ஸ்கூலிலோ பாட்டிலைத் திறக்காமலே நான்கு மணிக்கு வீடு திரும்புகிறார்கள். பிறகு மாலை முழுவதும் தண்ணீர், ஜூஸ், படுக்கப் போகும்போது ஒரு தம்ளர் பால். நாள் முழுக்கக் குடிக்க வேண்டியதை நான்கு மணி நேரத்தில் குடித்துவிட்டுத் தூங்கினால் எந்தச் சிறுநீர்ப்பையும் தாங்காது. பகலில் குறைவாகக் குடிப்பதால் பை விரிந்து பழகுவதும் இல்லை.

மூன்று வயதுப் பிள்ளை பால் உட்பட ஒரு லிட்டர் அளவுக்குக் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், மதியத்துக்குள் 400 மில்லி, மாலை ஐந்து மணிக்குள் இன்னொரு 400, அதன்பின் 200 என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிப் பாலை ஏழு மணிக்கு நகர்த்தி 100 மில்லியாக்குங்கள். இரவுச் சாப்பாட்டில் ரசம் சாதமும் பால் சோறும் நீராக இருக்கும். அவற்றை மதியம் கொடுத்துவிட்டு இரவுக்கு இட்லி, தோசை, சப்பாத்தி என்று வையுங்கள். தர்பூசணி, நுங்கு, இளநீர் எல்லாம் பகலுக்கு. அப்பளம், ஊறுகாய், சிப்ஸ் இரவில் வேண்டாம், உப்பு தாகத்தைக் கிளப்பும். பிஸ்கட்டைத் தொட்டுத் தின்ன என்று மாலையில் டீ, காபி கொடுப்பதையும் கோலாவையும் நிறுத்துங்கள். அவற்றில் உள்ள கஃபீன் சிறுநீரைத் தூண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. தாகம் என்று கேட்கிற பிள்ளைக்குத் தண்ணீரை மறுக்கக் கூடாது. இரண்டு வாய் குடிக்கட்டும். அக்னி நட்சத்திர நாட்களில் இந்தக் கணக்கையே ஒதுக்கி வையுங்கள்.

மலச்சிக்கலைத் தீர்க்காமல் தொடங்காதீர்கள்

பலர் கவனிக்காமல் விடுவது இதுதான். மலக்குடல் சிறுநீர்ப்பையை ஒட்டி, அதன் பின்னால் இருக்கிறது. அங்கே மலம் கட்டிக்கொண்டு நின்றால் பையை அழுத்தும். பை நிறைவதற்கு முன்பே நிறைந்ததுபோலச் சுருங்கும். தினமும் போகிறானே என்று நினைக்காதீர்கள். புழுக்கையாக, முக்கி முக்கிப் போனாலும், வாரத்தில் மூன்று தடவைக்குக் குறைவாகப் போனாலும், ஜட்டியில் கறை கறையாகப் பட்டாலும் அது மலச்சிக்கல்தான்.

முதலில் பாலின் அளவைப் பாருங்கள். நாளுக்கு அரை லிட்டருக்குமேல் குடிக்கிற பிள்ளை சோறு, காய், பழம் எதையும் போதுமான அளவு தின்னாது. பாலைக் குறைத்து கொய்யா, பப்பாளி, கீரை, சுண்டல் இவற்றைக் கூட்டுங்கள். காலைப் பலகாரம் முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். மேலைநாட்டுக் கழிப்பறையாக இருந்தால் கால் தொங்கக் கூடாது. முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரும்படி காலடியில் முக்காலி போடுங்கள். இரண்டு வாரத்தில் இளகவில்லையென்றால் மருத்துவரிடம் மருந்து கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டே இருக்கிற பிள்ளைக்குக் கீரிப்பூச்சி இருக்கக்கூடும். குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்கு அந்த அரிப்பே இரவில் நனைக்கக் காரணமாகும். அங்கன்வாடியில் ஆண்டுக்கு இருமுறை தரும் பூச்சி மாத்திரையைத் தவறவிட்டீர்களா என்று பாருங்கள்.

படுக்கையும் வழியும்

மெத்தையின் மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் நான்காக மடித்த பழைய வேட்டி அல்லது பருத்திப் புடவை. அதன்மேல் மறுபடி ஒரு ரப்பர் ஷீட், மறுபடி ஒரு பருத்தித் துணி. இரவு இரண்டு மணிக்கு நனைந்தால் மேலிரண்டையும் சேர்த்து உருவினால் போதும், கீழே காய்ந்த படுக்கை தயாராக இருக்கும். அரைத்தூக்கத்தில் விரிப்பு தேடி அலமாரியைத் திறக்கும் நிலை வந்தால்தான் நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் பிள்ளைமேல் போகிறது. இந்த அடுக்கு அதைத் தடுக்கும். ரப்பர் ஷீட் நேரடியாகத் தோலில் பட்டால் வியர்க்கும், ஆகவே மேலே கனமான பருத்தி அவசியம். பிளாஸ்டிக் கவரை வெட்டி விரிப்பது ஆபத்து. அது சுருண்டு பிள்ளையின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஷீட்டின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள்.

தரையில் எல்லோரும் வரிசையாகப் படுக்கும் வீட்டில், பிள்ளையை நடுவில் விடாமல் கழிப்பறைப் பக்கம் ஓரத்தில், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பக்கத்தில் படுக்க வையுங்கள். நான்கு பேரைத் தாண்டிப் போக வேண்டும் என்றால் எந்தப் பிள்ளையும் எழாது. கொசுவலையைச் சுற்றிலும் செருகிவிட்டால் உள்ளே இருக்கும் பிள்ளைக்கு வெளியே வர வழி தெரியாது. கழிப்பறைப் பக்கத்து ஓரத்தைச் செருகாமல், துணி தரையில் படியும்படி விடுங்கள். ஜிப் வைத்த வலையானால் அதைத் திறக்கப் பகலில் பழக்குங்கள்.

ஜீரோ வாட் பல்பு ஒன்று எரியட்டும். மின்சாரம் போகிற ஊரென்றால் கைக்கெட்டும் இடத்தில் டார்ச். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால், இருட்டில் போகப் பிள்ளை பயப்படுவது நியாயம்தான். பிள்ளைகள் உட்கார்ந்து போகும் சின்ன கழிப்பறை நாற்காலியையோ மூடியுள்ள ஒரு சின்ன பேசினையோ படுக்கும் அறையின் மூலையில் வையுங்கள், அதனடியில் ஒரு கால்மிதி. இரவு உடை ஒரே கையால் இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்: தளர்ந்த எலாஸ்டிக் ஜட்டி, மேலே ஒரு பனியன். நாடா, பொத்தான், உடம்போடு ஒட்டிய பைஜாமா வேண்டாம்.

முதல் ஏழு இரவுகள்

ஊருக்குப் போவது, விருந்தாளி வருவது, ஜூனில் பள்ளி தொடங்குவது எதுவும் இல்லாத பத்து நாளைத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்கினால் துணி காயாது. குளிரில் வியர்வை குறைவதால் சிறுநீரும் கூடும். தை பிறந்து பங்குனி வரை நல்ல காலம். வெயில் இருக்கும், கடும் தாகம் இராது.

பிள்ளையிடம் பகலில், விளையாடும்போது சொல்லுங்கள்: "இன்னிக்கு ராத்திரி டயப்பர் இல்லாம ஜட்டி போட்டுத் தூங்கிப் பாக்கலாம். உச்சா வந்தா அம்மாவை எழுப்பு. படுக்கையில போயிட்டாலும் பரவாயில்ல, மாத்திக்கலாம்." அவ்வளவு போதும். படுக்கும் நேரத்தில் பத்துத் தடவை சொன்னால் பயம்தான் சேரும்.

இரவில் இரண்டு தடவை சிறுநீர் கழிக்க வேண்டும். எட்டேகாலுக்கு ஒருமுறை, பல் துலக்கி, உடை மாற்றி, கதை சொல்லி, விளக்கணைக்கும் முன் எட்டே முக்காலுக்கு இன்னொரு முறை. "வருதோ இல்லையோ, ஒரு தடவை உக்காந்துட்டு வா" என்று சொல்லுங்கள். ஆண் பிள்ளையும் இரவில் உட்கார்ந்தே போகட்டும், அவசரமில்லாமல் முழுக்க வடியும். பெண் குழந்தைக்கு ஜட்டி முழங்காலில் மாட்டி நிற்காமல் கணுக்காலுக்கு இறங்க வேண்டும். தொடைகள் ஒட்டியிருந்தால் கொஞ்சம் உள்ளேயே தங்கும்.

தூக்கத்தில் பிள்ளை திடீரென்று புரண்டாலோ, முனகினாலோ, கையைத் தொடையிடுக்கில் வைத்தாலோ அது செய்தி. மெதுவாக "உச்சாவா?" என்று கேட்டு உட்கார வையுங்கள். நனைந்தே விட்டால் டியூப் லைட்டைப் போட வேண்டாம், பேச்சும் வேண்டாம். மேலடுக்கை உருவி, ஈரத்துணியால் துடைத்து, ஜட்டி மாற்றி, மூன்று நிமிடத்தில் மறுபடி படுக்க வையுங்கள். காலையில் ஈரத்துணியை வாளியில் போடுவதற்குப் பிள்ளையும் கூட வரலாம். தண்டனையாகத் துவைக்கச் சொல்லக் கூடாது.

ஒவ்வோர் இரவும் எத்தனை மணிக்கு, நிறையவா கொஞ்சமா என்று காலண்டர் ஓரத்தில் குறியுங்கள். தூங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் நிறைய நனைந்தால், மாலைக் குடிப்பையும் இரண்டாவது முறை உட்கார்ந்ததையும் சரிபாருங்கள். விடியற்காலை நான்கு, ஐந்து மணி என்றால் பிள்ளை கிட்டத்தட்ட வந்துவிட்டது. அரை மணி முன்னதாக எழுப்பிக் கொண்டுபோனால் பல நேரம் சரியாகிவிடும். ஒரே இரவில் மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாக என்றால் மலச்சிக்கலையோ சிறுநீர்த் தொற்றையோ நினையுங்கள்.

பதினொரு மணிக்குத் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ச் சிறுநீர் கழிக்க வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். அன்றைக்குப் பாய் காயும், மறுப்பதற்கில்லை. ஆனால் பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. தூக்கத்திலேயே போவதுதான் பழகுகிறது. செய்தாக வேண்டுமென்றால், பிள்ளை கண் திறந்து, தன் காலால் நடந்து, கேட்டதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு விழிக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எழுப்பாமல் நேரத்தை மாற்றுங்கள்.

ஏழு இரவுகளில் நான்கு காய்ந்திருந்தாலோ, நனைந்த வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தாலோ இன்னும் இரண்டு வாரம் தொடருங்கள். ஏழும் முழுக்க நனைந்தால் எட்டாம் நாள் டயப்பரைக் கட்டுங்கள். "உன் உடம்பு இன்னும் கொஞ்சம் பெரிசாகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் அந்தப் பேச்சை விடுங்கள். இதில் யாரும் தோற்கவில்லை. நனைந்த பாயில் மாதக்கணக்காகப் போராடுவதால் ஹார்மோன் சீக்கிரம் சுரக்கப் போவதில்லை, வீட்டில் எல்லோருக்கும் தூக்கம்தான் கெடும்.

ஸ்டிக்கர், நட்சத்திரம் கொடுப்பதானால் படுக்குமுன் இரண்டு தடவை உட்கார்ந்ததற்குக் கொடுங்கள், பகலில் பாட்டில் தண்ணீரைக் குடித்ததற்குக் கொடுங்கள். காய்ந்த இரவுக்குக் கொடுக்காதீர்கள். தூக்கத்தில் நடப்பது பிள்ளையின் கையில் இல்லை. கையில் இல்லாததற்குப் பரிசு என்றால், கிடைக்காத நாளில் அது தண்டனை.

உறவுகளின் பேச்சு

"இவ்வளவு பெரிய பையன் இன்னும் பாயில போறான்" என்று பிள்ளையின் காதுபட யாரும் சொல்லக் கூடாது. பட்டப்பெயர் வைப்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது, சூடு வைப்பேன் என்று மிரட்டுவது, அடிப்பது எல்லாம் பிள்ளையைத் தூங்கவே பயப்பட வைக்கும். பயத்தில் மேலும் நனையும். பாட்டி, அத்தை எவரானாலும் தனியே கூப்பிட்டு, மரியாதையாக, உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

அப்படியே இன்னொன்றையும் அவர்களிடம் கேளுங்கள்: பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ எத்தனை வயதுவரை நனைத்தார்கள்? பெற்றோரில் ஒருவர் வளர்ந்தபின்னும் நனைத்தவர் என்றால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு 44 சதவீதம், இருவருமே என்றால் 77 சதவீதம். இந்தக் கணக்கைச் சொன்னதும் பல வீடுகளில் திட்டு நின்றுவிடும். எள்ளுருண்டை கொடுங்கள் என்று பெரியவர்கள் சொன்னால் மாலைப் பலகாரமாகத் தாராளமாகக் கொடுக்கலாம், நல்ல தின்பண்டம்தான். அதனால் சிறுநீர் நிற்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

வாடை போக

துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகு சோப்புத் தூளில் ஊறவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது பருத்தி ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும். மெத்தை நனைந்தால் துண்டால் அழுத்தி ஈரத்தை எடுத்து, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து தெளித்து, காய்ந்தபின் ஆப்ப சோடாவைத் தூவிச் சில மணி நேரம் விட்டுத் தட்டிவிடுங்கள். இலவம்பஞ்சு மெத்தையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, பஞ்சு கட்டிதட்டிவிடும்; ஈரத்தை ஒற்றி எடுத்து இருபுறமும் வெயிலில் போடுவதுதான் வழி. கோரைப்பாயை ஈரத்துணியால் துடைத்துச் சுவரில் சாய்த்து உலர்த்துங்கள், சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். சிறுநீர் பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் மட்டும் போடாதீர்கள்: சிறுநீரிலுள்ள அம்மோனியாவும் குளோரினும் கலந்தால் மூச்சைத் திணறடிக்கும் வாயு கிளம்பும்.

காலையில் பிள்ளையின் இடுப்புப் பகுதியைத் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடையுங்கள். சிவந்திருந்தால் துத்தநாக ஆக்சைடு களிம்பு. பவுடர் வேண்டாம்.

மருத்துவரிடம் எப்போது?

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், ரத்தம், சொட்டுச் சொட்டாக அல்லது மெல்லிய தாரையாக வருவது, எப்போதும் ஜட்டி ஈரமாகவே இருப்பது, முதுகின் அடியில் குழியோ முடிக்கொத்தோ தெரிவது இவற்றுக்கு எந்த வயதிலும் காத்திருக்க வேண்டாம். இரவெல்லாம் குறட்டை விட்டு வாயால் மூச்சு விடுகிற பிள்ளைக்கு மூக்கின் பின்னால் சதை வளர்ச்சி இருக்கலாம். அதுவும் நனைக்கக் காரணம். ஆறு மாதத்துக்குமேல் காய்ந்திருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கினால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். அதோடு அடங்காத தாகமும் உடல் மெலிவும் சேர்ந்தால் அன்றைக்கே போங்கள், அது சர்க்கரை நோயாக இருக்கக்கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தப் பரிசோதனை நடக்கும்.

ஐந்து வயது தாண்டியும் நனைத்தால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரமும், இரவில் ஊறும் சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் மாத்திரையும் பொதுவாக அதற்குப் பிறகுதான். அலாரத்துக்கு இரண்டு மூன்று மாதப் பொறுமை தேவை. மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் கொடுக்க வேண்டும். மாத்திரை போட்ட இரவில் தண்ணீரைக் கட்டுப்படுத்தாவிட்டால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரலாம்.

காய்ந்தபின்

பதினான்கு இரவுகள் தொடர்ந்து காய்ந்தால் மேல் ரப்பர் ஷீட்டை எடுத்துவிடலாம். அடி ஷீட் இன்னும் மூன்று மாதம் கிடக்கட்டும். தம்பி தங்கை பிறந்தாலோ, அம்மா ஊரில் இல்லாமல் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, புதிதாக எல்.கே.ஜி. சேர்ந்தாலோ சில நாள் மறுபடி நனையும். மேல் ஷீட்டைச் சத்தமில்லாமல் திரும்ப விரியுங்கள், பழைய அட்டவணைக்குப் போங்கள். இரவு ரயிலிலும் கல்யாண வீட்டிலும் டயப்பர் கட்டுவதில் தவறே இல்லை. "இது ரயில் டயப்பர், வீட்டுக்கு வந்ததும் ஜட்டிதான்" என்று கிளம்பும் முன்பே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.